சோளக்கொல்லையில் சூறைக்குருவி: சின்னமனூரில் ஒரு பொங்கல்

மார்கழி மாதம் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு கடிதம் வந்தது. ‘எனக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரிச் சோளம் இருக்கிறது. கதிர் பால் பிடித்து முற்றும் நேரத்தில் கருப்புத் தலையும் ரோஜாப்பூ நிற முதுகும் உள்ள குருவிகள் கூட்டம் கூட்டமாக இறங்கி அழிக்கின்றன. ஒழிக்க என்ன மருந்து தெளிக்கலாம்?’ எழுதியவர் சின்னமனூர்ப் பக்கத்து விவசாயி.

நான் மூன்று வரியில் பதில் எழுதினேன். அவை சூறைக்குருவிகள், சோளப்பட்சி என்றும் சொல்வார்கள், குளிர்காலத்துக்கு மட்டும் வருபவை. மருந்து கிடையாது, விஷம் வைப்பது சட்டப்படி குற்றம். ஒளிரும் நாடா கட்டுங்கள். இதழ் வெளிவந்த மறுநாளே போன் வந்தது.

“சார், நாடா கட்டுறது எங்களுக்கும் தெரியும். நாலு நாளைக்குப் பயப்படும், அஞ்சாம் நாளு அந்த நாடா மேலயே வந்து உக்காரும். ஒரு தடவ நேர்ல வந்து பாத்துட்டு எழுதுங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “இன்னொரு கூத்து கேளுங்க. எங்க ஊரு டீச்சரம்மா பொங்கலுக்குப் புள்ளைகளக் கூட்டிக்கிட்டு அந்தக் குருவிய எண்ணப் போறாங்களாம். நான் வெரட்டுறேன், அவங்க எண்ணுறாங்க.”

இதற்கு மேல் போகாமல் இருக்க முடியவில்லை. போகிப் பண்டிகை அன்றே தேனியில் கம்பம் பஸ் பிடித்தேன்.

வீரபாண்டி தாண்டி, கோட்டூர், சீலையம்பட்டி வழியாகப் போகும்போது ஜன்னல் ஓரம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் மேகமலை, மறு பக்கம் எட்டத்தில் கேரள எல்லை மலைகள், நடுவில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல் வயல்கள். லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் என்பதை இந்தப் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். தை பிறக்கும்போது இரண்டாம் போகம் நட்டுப் பச்சை பிடித்திருக்கும். ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்த நாள். பாலார்பட்டி போன்ற ஊர்களில் அவர் பெயரைச் சொல்லியே பொங்கல் வைக்கிறார்கள். 1895-ல் அணை கட்டி முடித்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியருக்கு இன்றும் பானை வைக்கும் ஊர்க்காரர்கள், தண்ணீரை மறக்காதவர்கள்.

ஆனால் நான் போன ஊருக்கு அந்தத் தண்ணீர் இல்லை. சின்னமனூரிலிருந்து கிழக்கே, ஓடைப்பட்டி போகும் திசையில் தரை மேடேறுகிறது. செம்மண், கிணற்றுப் பாசனத்தில் திராட்சைப் பந்தல், மீதி மானாவாரி. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் சோளத்தட்டை. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார். எழுதினால் கேமராவோடு வருபவர்களுக்கு முன்னால் கண்ணியோடு வருபவர்கள் வந்துவிடுவார்களாம். அதனால் எழுதவில்லை.

கடிதம் எழுதியவர் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். “வாங்க சார், காப்பி குடிச்சிட்டுப் போவோம்” என்றவர் நேராகக் கொல்லைக்குத்தான் கூட்டிப் போனார். வரப்பில் நின்று பார்த்தால் சேதம் தெரிந்தது. ஓரத்து நாலைந்து சால்களில் கதிரின் மேல்பாதி வெறும் உமியாக நின்றது, நடுக்கொல்லை பரவாயில்லை. நான் இடுப்பளவு பயிருக்குள் இறங்கி ஒரு மணி நேரம் சுற்றினேன். கதிர்களைப் பிரித்துப் பார்த்தேன், தட்டையின் அடியில் பார்த்தேன், தரையில் கிடந்த எச்சத்தைக் குச்சியால் கிளறினேன். எச்சத்தில் சோளத் தோலும் இருந்தது, வெட்டுக்கிளியின் கால்களும் இருந்தன. அதை அண்ணனிடம் காட்டினேன்.

“வெட்டுக்கிளி திங்கிதுன்னா சரி. ஆனா அதுக்குக் கூலி இவ்வளவா சார்?” என்றார். நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் என்னிடம் நல்ல பதில் இல்லை.

சூறைக்குருவியைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். இது மைனாவின் பங்காளி. கசகஸ்தான், துர்க்மெனிஸ்தான், மேற்குச் சீனா, கிழக்கு ஐரோப்பாவின் ஓரம் வரை உள்ள புல்வெளிகளில் கோடையில் குஞ்சு பொரிக்கும். அங்கே அதற்கு முக்கிய உணவு வெட்டுக்கிளி. வெட்டுக்கிளி பெருகும் இடத்தில் கூடு கட்டும். தீர்ந்தால் இடம் மாற்றும். சீனாவின் சின்சியாங் பகுதியில் மேய்ச்சல் நிலங்களை வெட்டுக்கிளியிடமிருந்து காப்பாற்ற 1980-களிலிருந்து மருந்தைக் குறைத்து, இந்தக் குருவி வந்து கூடு கட்டட்டும் என்று கல் அடுக்கி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். குஞ்சு பறந்ததும் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கிளம்பிவிடும். இங்கே குஞ்சு பொரிப்பதில்லை. பழம், முருங்கை, இலவம் பூக்களின் தேன், தானியம், பூச்சி என்று எது கிடைத்தாலும் சாப்பிட்டுவிட்டு, சித்திரை வாக்கில் திரும்பிவிடும். கூட்டத்தில் எல்லாமே ரோஜா நிறமாக இருக்காது. இளங்குருவிகள் மங்கிய மண் நிறம். பலர் அவற்றை வேறு ஏதோ மைனா என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஆக, அங்கே காவல்காரன், இங்கே திருடன். ஒரே குருவிதான்.

மறுநாள் பொங்கல். காலை ஆறரைக்கே டீச்சர் பிள்ளைகளோடு கண்மாய்க் கரையில் நின்றார். பன்னிரண்டு பேர், இரண்டு பேர் குளித்துப் புதுச்சட்டையோடு வந்திருந்தார்கள், மற்றவர்கள் எழுந்தபடியே வந்திருந்தார்கள். இருந்தது ஒரே பைனாகுலர். அதை ஆளுக்கு ஒரு நிமிடம் என்று கை மாற்றினார்கள்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-லிருந்து நடக்கிறது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து தொடங்கியது. பொங்கல் விடுமுறை நான்கு நாளில், எந்த ஊரிலும், யார் வேண்டுமானாலும், குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ பார்த்த பறவைகளை வகை வாரியாக எண்ணி, ‘இ-பேர்டு’ என்ற செயலியில் பதிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான். சரணாலயத்துக்குப் போக வேண்டியதில்லை, வீட்டுக் கொல்லைப்புறம் போதும். ஊருக்குப் போயிருக்கும் சமயத்தில் ஊர்ப் பறவையை எண்ணச் சொன்னது நல்ல யோசனை. இப்படி நாடு முழுக்க மக்கள் பதிவு செய்த கணக்கை வைத்துத்தான் 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வெளியானது. 942 வகைப் பறவைகளை ஆராய்ந்ததில் 178 வகைகளுக்கு உடனடிக் கவனிப்பு தேவை என்று சொல்லியிருக்கிறார்கள். வருவாய்த் துறை அடங்கல் மாதிரிதான் இது. வருடா வருடம் எழுதினால்தான் எது குறைந்தது என்று தெரியும்.

காலையில் பார்த்தவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். உண்ணிக்கொக்கு, மடையான், நீர்க்காகம், வாலாட்டி, கரிச்சான், பஞ்சுருட்டான். பெயரில்தான் சண்டை. பிள்ளைகள் ‘இரட்டைவால் குருவி’ என்றார்கள், டீச்சர் ‘கரிச்சான்’ என்றார், ஆடு மேய்க்க வந்த ஒரு பெரியம்மா ‘வலியான்டா அது’ என்று முடித்தார். மூன்றையும் நோட்டில் எழுதச் சொன்னேன். நெல்லிலும் நிலக்கடலையிலும் ஏக்கருக்கு 20 பறவைத் தாங்கி நடச் சொல்லி நாங்கள் தொண்டை வறளப் பேசுவது இந்தப் பறவைக்காகத்தான். உயரமான குச்சி ஒன்று இருந்தால் அதில் உட்கார்ந்து புழுவைப் பொறுக்கிக்கொண்டே இருக்கும்.

மின்கம்பியில் தகைவிலான் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதே உயரத்தில் கத்தி மாதிரி வளைந்த இறக்கையோடு இன்னும் சில சுற்றின. ஒரு பையன், “சார், அது மட்டும் ஏன் உக்காரவே மாட்டேங்குது?” என்று கேட்டான். அவை உழவாரன்கள். உழவாரனுக்குக் கம்பியைப் பிடிக்கும் கால் கிடையாது. விரல்கள் முன்னோக்கி இருப்பதால் செங்குத்தான சுவரில் தொங்கத்தான் முடியும். நம்மூர் நாட்டு உழவாரன் பாலத்தின் அடியிலும் கோயில் மண்டபத்திலும் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டும். பனை உழவாரனுக்குப் பனையோலை.

அந்தப் பையனுக்கு அமெரிக்கக் கதை ஒன்று சொன்னேன். அங்கேயும் உழவாரன் இனங்கள் உண்டு. ஒரு காலத்தில் பொந்து விழுந்த கிழட்டு மரங்களுக்குள் கூட்டமாகத் தொங்கித் தூங்கின. மரங்களை வெட்டியதும் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. வீடுகளிலும் பள்ளிகளிலும் இருந்த செங்கல் புகைபோக்கிக்குள் இறங்க ஆரம்பித்தன. ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்டு என்று ஒரு நகரம். அங்கே சாப்மன் பள்ளிக்கூடத்துப் புகைபோக்கியில் ஒவ்வொரு செப்டம்பரிலும், தெற்கே மெக்சிகோ பக்கம் போகும் வழியில், ஆயிரக்கணக்கான உழவாரன்கள் இரவு தங்குகின்றன. பொழுது சாயும் நேரத்தில் சுழல்காற்று மாதிரி சுற்றிச் சுற்றி, புனலில் ஊற்றியதுபோல் உள்ளே இறங்கும். ஊர் மக்கள் குழந்தை குட்டிகளோடு, சாப்பாடு கட்டிக்கொண்டு, எதிர் மேட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள், தன்னார்வலர்கள் எண்ணுவார்கள். பறவைகள் தங்கும் நாட்களில் பள்ளியில் அந்தக் கொதிகலனை மூட்டாமல் இருந்தார்கள். பிள்ளைகள் குளிருக்குக் கோட்டோடு உட்கார்ந்து படித்தார்கள். பிறகு சூடேற்ற வேறு ஏற்பாடு செய்து, புகைபோக்கியைப் பறவைகளுக்கே விட்டுவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இது சட்டம் போட்டு வந்ததல்ல, ஊர்க் கட்டுப்பாடு.

கதையை முடிக்கும்போது பக்கத்தில் நின்று கேட்ட நம் விவசாயி, “அந்தப் புகைபோக்கிக் குருவி சோளம் திங்குமா சார்?” என்றார். தின்னாது, பறக்கும் பூச்சி மட்டும்தான் என்றேன். “அதான் கோட்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காங்க” என்றார். டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த மாவட்டம் இல்லை, வேறு இடம், ஒருவர் இதே கேள்வியோடு என்னிடம் வந்தார். பறவை எங்கள் துறைக்குள் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தானாகவே தானியத்தில் குருணை மருந்தைக் கலந்து வரப்பில் தூவினார். மறுநாள் போய்ப் பார்த்தேன். குருவி சிலதான் கிடந்தன. கௌதாரி, புறா, கரிச்சான், அவர் வீட்டுக் கோழிகள் ஆறு, அவற்றைத் தின்ற நாய் ஒன்று. அவர் மனைவி அந்த நாயைத் தூக்கிப் புதைத்துக்கொண்டிருந்தார். மயில் ஒன்றும் சேர்ந்திருந்தால் அவர் ஜெயிலுக்கே போயிருப்பார். அன்று நான் ‘தெரியாது’ என்று சொல்லியிருந்தாலாவது தேடியிருப்பேன். ‘என் வேலை இல்லை’ என்று சொன்னதுதான் தப்பு. அதனால்தான் இந்தக் கடிதத்துக்கு மூன்று வரி எழுதியது என்னைக் குடைந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி கரைக்குப் போனோம். இந்த முறை ஊரே வந்துவிட்டது. பொங்கல் வைத்த வீடுகளிலிருந்து தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலும், வெட்டிய கரும்பும். கண்மாயில் தண்ணீர் பாதி கிடந்தது. நடுவில் நாட்டுக்கருவேல மரங்கள், ஓரத்தில் சம்பு, கரையை ஒட்டிச் சீமைக்கருவேலம்.

ஐந்தரை வரை ஒன்றுமில்லை. ஐந்தே முக்காலுக்கு மேகமலைப் பக்கம் சின்னதாக ஒரு புகை. அது பக்கத்தில் வர வரக் குருவியானது. பின்னால் இன்னொரு புகை, வடக்கிலிருந்து ஒன்று. மூன்றும் கண்மாய்க்கு மேலே சேர்ந்து சுருண்டன. ஒரு வல்லூறு குறுக்கே பாய்ந்ததும் மொத்தக் கூட்டமும் துணியை உதறியதுபோல் மடங்கி விரிந்தது. சத்தம் பேசிக்கொண்டிருந்த எல்லோரையும் அடக்கிவிட்டது. மழை வருவதற்கு முன் சோளத்தட்டையில் காற்று உரசுமே, அந்தச் சத்தம். ஒரு கைக்குழந்தை மட்டும் விடாமல் சிரித்தது.

எண்ணுவது எப்படி? ஒவ்வொன்றாக முடியாது. முதலில் பத்துக் குருவி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் பழகிக்கொள்ள வேண்டும். பிறகு அந்தப் பத்தை நூறாகப் பெருக்கிப் பார்த்து, கூட்டத்தில் எத்தனை நூறு என்று மதிப்பிட வேண்டும். நெல் வயலில் ஒரு சதுர மீட்டர் கதிரை எண்ணி மகசூல் கணிப்பதும் இதே கணக்குத்தான். டீச்சர் மூன்று குழுவாகப் பிரித்து, ஒருவர் எண்ணியதை மற்றவர் கேட்கக் கூடாது என்று தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தார். கடைசியில் ஒரு குழு 700 என்றது, ஒன்று 900, மூன்றாவது 1,500. மூன்றாவது குழுவில் நம் விவசாயி இருந்தார்.

“நட்டப்படுறவன் கண்ணுக்குக் கூடத்தான் தெரியும்” என்றார் பெரியம்மா. டீச்சர் மூன்றையும் நோட்டில் எழுதிவிட்டு, 900 என்று பதிவு செய்தார். அடுத்த வருடமும் இதே கரையில், இதே நேரத்தில், இதே முறையில் எண்ணினால்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம் வரும் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அது சரியான பேச்சு.

இருட்டும் நேரத்தில்தான் உண்மையான விஷயம் வெளியே வந்தது. கண்மாய் மரங்களை ஏலம் விட்டு வெட்டுவது பற்றி ஜனவரி 26 கிராம சபையில் பேசப் போகிறார்களாம். டீச்சர் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய், சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள், நடுவில் இருக்கும் நாட்டுக்கருவேலத்தை விடுங்கள் என்று கேட்கப் போகிறார். மரம் போனால் குருவியும் போய்விடும் என்று கொல்லைக்காரர்கள் சிலர் சந்தோஷப்படுகிறார்கள். நான் குறுக்கே விழுந்தேன். மரத்தை வெட்டினால் அவை சின்னமனூர் ரோட்டு ஆலமரத்துக்கோ, தென்னந்தோப்புக்கோ போகும். ஆனால் பகலில் வந்து இறங்குவது இதே சோளத்தில்தான். நாளொன்றுக்கு வெகுதூரம் பறந்து இரை தேடும் பறவைக்குப் படுக்கை மூன்று கிலோ மீட்டர் தள்ளிப் போனால் என்ன?

பிறகு அண்ணனின் கொல்லைக்கு வருவோம். இரவு அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது இது. அவர் கொல்லை மட்டும் அக்கம்பக்கத்தை விடப் பதினைந்து நாள் முன்னால் விதைத்தது. சுற்றிலும் பச்சையாக இருக்க, இவருடையது மட்டும் முற்றினால் கூட்டம் முழுவதும் இங்கேதான் இறங்கும். எல்லோரும் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பங்கு பிரிந்துவிடும். இதுதான் முதல் வேலை, செலவில்லாத வேலை. ஆனால் பத்துப் பேர் பேசி ஒத்துவர வேண்டும், அதனால் கஷ்டமான வேலையும் இதுதான். அடுத்தது அறுவடை. கதிர் கொல்லையிலேயே காய்ந்து கலகலக்கும் வரை நம் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அது தேவையில்லை. தானியத்தை உதிர்த்து, காம்போடு ஒட்டியிருந்த அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே கரும்புள்ளி விழுந்திருந்தால் இனி மணி பருக்காது. வெட்டிக் களத்தில் காயப்போடலாம். இதில் ஒரு வாரத்துக்கு மேல் மிச்சம், அந்த ஒரு வாரம்தான் குருவியின் வாரம். நாடா கட்டுவதாக இருந்தால் இரண்டு நாளைக்கொரு முறை இடம் மாற்றி, அதோடு காலையிலும் மாலையிலும் தகர டின் தட்ட ஆள் இருந்தால் பலன் உண்டு. விதைக்கு எடுக்கும் கதிரை மட்டும் சோளத் தோகையாலேயே சுற்றிக் கட்டிவிடலாம். திராட்சைக்காரர்களுக்கு வலையைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; பெயர் கிடைத்த பழத்துக்கு வலை போடும் செலவையும் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான்.

குருவி வந்தால் பூச்சி ஒழியும், உரம் கிடைக்கும், ஆகவே சேதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுத மாட்டேன். அது உண்மையா என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அளந்து பார்த்து நான் படித்ததில்லை. எச்சத்தில் வெட்டுக்கிளிக் கால் இருந்தது, சோளத் தோலும் இருந்தது. கண்ணால் பார்த்தது அவ்வளவுதான்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை அண்ணன் அரிவாளோடு கொல்லையில் நின்றார். நான்கு கதிரில் மூன்றில் கரும்புள்ளி விழுந்திருந்தது. “நல்ல நாளும் அதுவுமா மாட்ட வேலைக்கு இழுக்கக் கூடாது. நான் மட்டும்தான் அறுக்கப் போறேன்” என்று ஓரத்துச் சாலில் ஆரம்பித்தார். நான் மத்தியான பஸ்ஸில் கிளம்பிவிட்டேன்.

கிராம சபை முடிந்த மறுநாள் போன் செய்தேன். கொல்லை முழுவதும் வெட்டிக் களத்துக்கு வந்துவிட்டதாம். போன வருடத்தை விட இரண்டு மூட்டை கூடும் போலிருக்கிறது, ஆனால் ஈரப் பதத்தோடு வெட்டியதால் புரட்டிப் புரட்டிக் காயப்போட வீட்டில் ஏச்சு விழுகிறது என்றார். மரம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“சீமைக்கருவேலத்த எடுக்கலாம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. நடு மரத்துக்கு ரெண்டு பக்கமும் பேச்சு. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வச்சிருக்காங்க.”

“நீங்க எந்தப் பக்கம் அண்ணே?”

“நான் ஒரு பக்கமும் கை தூக்கல சார். ஆனா டீச்சரம்மா நோட்ட எடுத்து 900-னு வாசிச்சாங்க. அப்ப மட்டும் எந்திரிச்சேன்.”

“என்ன சொன்னீங்க?”

“1,500-னு எழுதச் சொன்னேன்.”